இறாலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது

இறால் கம்பெனியில் அவளுக்குப் பசையக்கா என்று பேர். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளம் போடுகிற ஆளுக்கு மட்டும் தெரியும், அவரும் அதை மாதத்துக்கு ஒரு தடவைதான் சொல்வார். மற்றபடி கேட்டிலிருந்து குளிர் அறை வரைக்கும் பசையக்காதான். கையில் நாலு காசு புரளுகிற பசையுள்ள ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பிய்ந்த செருப்பையும் உடைந்த நாற்காலிக் காலையும் ஒட்டச் சின்னக் குழாயில் விற்பார்களே, கவனம் தப்பினால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை. அதை வைத்து அவள் ஒட்டிக்கொண்டிருந்தது பெண்களின் கைகளை.

கேட்கவே குமட்டுகிறதா? இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவே இல்லை, பொறுங்கள்.

அந்தக் கம்பெனியில் இறால் உரிப்பது முழுக்கப் பெண்கள். நீளமான எஃகு மேஜை, அதன் மேல் ஐஸ், ஐஸுக்குள் இறால். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவிப் போட வேண்டும். நாள் முழுக்க வெறுங்கை ஐஸுக்குள். அரை மணிக்கு ஒரு தரம் அந்தக் கையைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும், சுத்தத்துக்காக. ஐஸ் மரக்க வைக்கும், குளோரின் எரிக்கும், இறாலின் தலையில் இருக்கிற கொம்பு நறுக்கென்று குத்தும். ஒரு மாதத்தில் நகக்கண் வெடிக்கும். இரண்டாம் மாதம் உள்ளங்கைத் தோல் உருளைக்கிழங்குத் தோலாக உரியும். அதற்கப்புறம் கையென்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. பசையக்கா தெருவில் நுழைந்தால் பூனைகள் பின்னாலேயே வரும். அவள் மகன், ஊர்வலம் வந்துவிட்டது என்று கேலி செய்வான்.

இதில் ஒரு சட்டம் வேறு. இறாலைத் தொடுகிற கையில் வெடிப்பு, புண், சீழ் எதுவும் இருக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? சாப்பிடுகிற பொருள். ஆகையால் தினமும் காலையில் பெண்கள் வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். ஒரு பையன் டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். அவனை டார்ச் தம்பி என்பார்கள். கை சுத்தமாக இருந்தால் உள்ளே. புண் தெரிந்தால் வீட்டுக்கு, அன்றைய கூலி இல்லாமல். அந்தப் புண் எங்கிருந்து வந்தது என்று கேட்க மட்டும் அந்தப் பெரிய கட்டடத்தில் ஒரு நாதி கிடையாது. இறாலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அதுதான் கவலை.

கையுறை கொடுத்தால் என்ன என்று கேட்காமலா இருந்தார்கள்? ஒருதரம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துபோய் மேனேஜரிடம் கேட்டார்கள். அவர் நல்லபடியாகத்தான் பேசினார், உட்காரச் சொல்லாவிட்டாலும். கையுறை போட்டால் இறால் வழுக்கும், வேகம் குறையும் என்றார். பெண்களின் விரலுக்குத்தான் அந்தப் பதம் தெரியும், ஆம்பளைக் கைக்கு வராது, உங்கள் விரல்தான் இந்தக் கம்பெனியின் சொத்து என்றும் சொன்னார். சொத்தைப் பார்த்துக்கொள்கிற லட்சணம் இது. அதே கூரைக்குக் கீழே குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற ஆண்களுக்கு முழங்கை வரைக்கும் கையுறை, பஞ்சு வைத்த ஜாக்கெட், பூட்ஸ், அதற்கு மேல் குளிர்ப்படி என்று தனியாக ஒரு தொகை. குளிர் அறையில் ஜாக்கெட்டோடு நிற்கிறவனுக்குக் குளிருமாம். ஐஸுக்குள்ளேயே கையை வைத்திருக்கிறவளுக்குக் குளிராதாம். த்தூ.

பசையக்காவின் மகனே அந்தக் குளிர் அறையில்தான் வேலை பார்த்தான். ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே பஸ். அவன் கை மாப்பிள்ளை கை மாதிரி இருக்கும்.

பசை வித்தையை அவள் கண்டுபிடித்தது ஒரு அவசரத்தில். கட்டைவிரல் வெடித்து ரத்தம் நிற்காத ஒரு காலையில், செருப்புக்கு வாங்கி வைத்திருந்த பசையை எடுத்து வெடிப்பில் ஒரு சொட்டு விட்டாள். சுரீரென்று எரிந்து சட்டென்று மூடிக்கொண்டது. டார்ச் தம்பி பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அவ்வளவுதான், செய்தி உடை மாற்றும் அறை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள், அந்த வாரக் கடைசியில் பெஞ்சில் இடமில்லை. போகப்போக வேலை சுத்தமாகிவிட்டது. முதலில் விரலைத் துணியால் ஒற்றிக் காயவைப்பாள். வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பசை விட்டு ஊதுவாள். பசை காய்ந்தால் டார்ச் வெளிச்சத்தில் மினுங்கும், அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேலே கொஞ்சம் முகப்பவுடர் தடவி மினுக்கத்தைக் கொல்லுவாள். பிறகு, போ, உன் கை கல்யாணப் பொண்ணு கை என்று முதுகில் தட்டி அனுப்புவாள்.

மத்தியானத்துக்குள் அந்தப் பசையில் பாதி ஐஸில் ஊறி, தோலோடு பிய்ந்து வந்துவிடும். பிய்ந்தது எங்கே போகும்? இறாலோடு போகும். யார் வீட்டுத் தட்டிலோ மசாலா பூசிக்கொண்டு உட்காரும். அதை நினைத்தால் பசையக்காவுக்குச் சில நாள் சோறு இறங்காது. ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவளின் அடுப்பை நினைத்தால் அது இன்னும் இறங்காது. அதனால் நினைப்பதை விட்டுவிட்டாள்.

மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் ஒல்லியான பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை வேகம் அதைவிட ஜாஸ்தி. வந்த மூன்றாம் மாதம், நானும் கம்பெனிக்கு வருகிறேன் அத்தை என்றாள். பசையக்கா வேண்டாம் என்றாள். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, இதைப் பார்த்துவிட்டுமா என்று கேட்டாள். மகன்தான், வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள், அம்மா கூடவே இருக்கப்போகிறாளே என்று முடித்துவைத்தான். மருமகளும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தாள்.

மகன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டியின் விரல்கள் சிவந்ததும் தன் கையுறை ஒரு ஜோடியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா சட்டையைக் குழந்தை போட்டதுபோல் இருந்தது. இறாலைப் பிடிப்பதற்குப் பதில் அவள் கையுறையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் மேஸ்திரி பார்த்துவிட்டு, குளிர் அறைச் சாமான் இங்கே எப்படி வந்தது என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மகனுக்கு ஒரு எச்சரிக்கை.

அந்த வாரம்தான் இறால் கொம்பு மருமகளின் வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குப் பக்கத்தில், ஆழமாக ஏறியது. மறுநாள் காலையில் அந்த இடம் வாய் பிளந்து இருந்தது. பசையக்கா வழக்கம்போல் ஒற்றினாள், சேர்த்தாள், ஒட்டினாள், பவுடர் தடவினாள். டார்ச் தம்பி பார்த்து, சுத்தம் என்றான். அதற்கு அடுத்த நாளும் ஒட்டினாள். விரல் கொஞ்சம் வீங்கியிருந்தது, வலிக்குதா என்று கேட்டதற்கு மருமகள், உங்களுக்கெல்லாம் வலிக்காததா எனக்கு மட்டும் வலிக்கப்போகுது என்று சிரித்தாள். மூன்றாம் நாளும் ஒட்டினாள். உள்ளே இருந்ததை உள்ளேயே வைத்துச் சீல் வைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அதற்கடுத்த நாளும் ஒட்டிக்கொண்டு போய் மேஜையில் நின்றவள் அப்படியே ஐஸ் மேல் சாய்ந்தாள். உடம்பு கொதித்தது. விரல் முருங்கைக்காய் கனத்துக்கு வீங்கி, மணிக்கட்டு வரைக்கும் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. மேஸ்திரி முதலில் செய்த காரியம், அவள் சாய்ந்த இடத்திலிருந்த இறாலை எல்லாம் அள்ளித் தனியாகக் கொட்டச் சொன்னது. அப்புறம்தான் அவளைத் தூக்கச் சொன்னான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் பசையைச் சுரண்டி எடுத்தார். உள்ளேயிருந்து வந்ததை நான் சொல்லப்போவதில்லை. அந்த வாடை ஐஸ் மேஜை வாடையைத் தோற்கடித்தது என்பது போதும். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யார் இந்த வேலையைப் பண்ணினது என்றார். நான்தாம்மா என்றாள் பசையக்கா. டாக்டர் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் பசையக்காவுக்குத் தன் உடம்பே தனக்கு அசிங்கமாகிவிட்டது.

சீழ் எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், இன்றைக்கே அவரிடம் போனால் விரலைக் காப்பாற்றலாம், நாளைக்கு என்றால் சொல்ல முடியாது. ஆனால் அங்கே சேர்க்க வேண்டுமானால் இது வேலையில் பட்ட காயம் என்று கம்பெனி சொல்ல வேண்டும். ஒரு போன் போதும்.

மகனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டுப் பசையக்கா ஓட்டமும் நடையுமாகக் கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு சொன்னார்:

"ஏம்மா, தினமும் காலையில நம்ம ஆளு டார்ச் அடிச்சுப் பாத்துத்தானே உள்ள விடுறான்? இன்னைக்குக் காலையில கூட உன் மருமக கை சுத்தம்னுதான் சொல்லியிருக்கான். அப்போ இது இங்க பட்டது இல்லையே. வீட்டுல பாத்திரம் தேய்க்கும்போது ஏதாவது குத்தியிருக்கும்."

பசையக்கா ஒட்டியதைச் சொன்னாள், பவுடரைச் சொன்னாள், எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இன்னும் இதமாகப் பேசினார். அப்படியானால் கம்பெனியை ஏமாற்றியிருக்கிறீர்கள், அது தனிக் குற்றம், உன் வயசைப் பார்த்து நான் அதைக் கேட்காத மாதிரி விட்டுவிடுகிறேன், போய்ப் பிள்ளையைக் கவனி என்றார். கவனிக்கவாம். எத்தனையோ வருஷமாக அவள் ஊதி ஊதிச் சுத்தமாக்கி அனுப்பிய கைகள்தான் இப்போது இந்த ஆளுக்குச் சாட்சி. வெளியே வந்து கழிவுநீர் வாய்க்கால் ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள். இறால் தலைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்ததைப் பார்த்து எல்லாருக்கும் ஆச்சரியம். பெஞ்சில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். யாருக்கும் ஒட்ட மாட்டேன் என்றாள்.

ஏன் என்று சொன்னாள். மேனேஜர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர் மேஜைக்காரி, பசையக்காவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள், உன் வீட்டுப் பொண்ணுக்கு ஆயிடுச்சுன்னு எங்க எல்லார் சோத்துலயும் மண்ணைப் போடப் பார்க்கறியா என்று. பசையக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். நேற்று ஒட்டிய பசையின் ஓரத்தில் வீக்கம், மஞ்சளாக. அவளே அதைப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். முகம் கோணியது.

பிறகு அவள்தான் முதலில் போய் வரிசையில் நின்றாள், நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டே.

டார்ச் தம்பி முதல் கையைப் பார்த்தான், ஒதுங்கி நிற்கச் சொன்னான். இரண்டாவது, மூன்றாவது. பத்தாவது கைக்கு அவன் டார்ச்சை அணைத்துவிட்டான், தேவைப்படவில்லை. வெடித்த நகக்கண்கள், உரிந்து தொங்கும் தோல், ரத்தம் கசியும் கோடுகள், சீழ் கோத்த முனைகள். தினமும் பார்த்த அதே கைகள்தான். பையன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விட்டான். பாவம், அவன் கை எழுதுகிற கை.

உள்ளே மேஜைகளில் ஐஸ் கரைய ஆரம்பித்திருந்தது. வாசலில் ஏற்றுமதி லாரி நின்றிருந்தது. மேனேஜர் பாதி போட்ட ஷூவோடு இறங்கி வந்தார். நீட்டியிருந்த கைகளைப் பார்த்ததும் அவர் மூக்கைச் சுளித்தார், நன்றாகவே சுளித்தார்.

"சே, மொதல்ல கையை மூடுங்க," என்றார். பிறகு டார்ச் தம்பியைப் பார்த்து, "இன்னைக்கு ஒருநாள் கை பாக்க வேணாம். எல்லாரையும் உள்ள விடு."

கேட்டீர்களா? அத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காத்த சட்டம், ஐஸ் உருகுவதற்குள் ஓடிப்போய்விட்டது. சீழோடு உள்ளே போகலாமாம். அந்த இறாலைத் தின்னப்போகிறவனைப் பற்றியும் அவருக்குக் கவலை கிடையாது, எந்நாளும் கிடையாது. ஒருத்தியும் அசையவில்லை. பசையக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நேத்துக் காலையில எங்க எல்லார் கையும் சுத்தம் சார். உங்க ஆளே பாத்தான். ஒரே ராத்திரியில இத்தனை பேருக்கும் வீட்டுல பாத்திரம் தேய்ச்சா புண்ணாச்சு?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். குளிர் அறை ஆண்கள் முழங்கை வரை கையுறையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உங்களுக்குப் பாக்கவே அருவருப்பா இருக்குல்ல? இந்தக் கையாலதான் சார் இத்தனை வருஷமா உரிச்சோம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் கையுறை. அது வர வரைக்கும் நாங்க இங்கதான் நிப்போம்."

மேனேஜர் அவள் கண்ணெதிரிலேயே போன் போட்டார். வேலையில் பட்ட காயம்தான், கம்பெனி ஒத்துக்கொள்கிறது என்றார். அவர் குரலில் அவ்வளவு இரக்கம் வழிந்தது, கேட்டவர்கள் சொந்தச் சித்தப்பா என்று நினைத்திருப்பார்கள். பிறகு திரும்பி ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கையுறைக்கு ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கும், மத்தியானம் ஆகிவிடும் என்று பெண்கள் தரையில் உட்காரத் தொடங்கினார்கள். உட்கார்ந்து முடிப்பதற்குள் ஸ்டோர்காரர் திரும்பி வந்துவிட்டார், தோளில் ஒரு பெட்டி, பின்னால் ஒரு ஆள் இன்னொரு பெட்டியோடு.

பெட்டி மேல் விரல் கனத்துக்குத் தூசி. உள்ளே மெல்லிய, கையோடு ஒட்டுகிற கையுறைகள், சின்ன அளவு, பெரிய அளவு எல்லாம். எங்கே வாங்கினீர்கள் என்று பசையக்கா கேட்டாள். ஸ்டோர்காரர் கூச்சத்தோடு சொன்னார், வாங்கவில்லை அம்மா, மாடியில் கிடந்தது, வெளிநாட்டுப் பார்ட்டி சுற்றிப் பார்க்க வந்தால் அவர்கள் கையில் நாற்றம் ஒட்டக் கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போட்டது. அதன் பிறகு வந்ததும் நாலைந்து பேர்தான்.

எதிர் மேஜைக்காரி ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு இறாலை எடுத்து உரித்தாள். வழுக்கவில்லை. வேகமும் குறையவில்லை. அவள் அந்த இறாலை மேனேஜர் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். பசையக்கா போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மகன் அதற்குள் பெண்டாட்டியைத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். அந்தக் கை டாக்டர் நல்ல மனுஷர், உடனே பார்த்தார், முடிந்ததையெல்லாம் செய்தார். நேற்றைக்கே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், பசையக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில் ஆள்காட்டி விரலை நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்தபோது மகன் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தான். பசையக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. மருமகள் கட்டுப் போட்ட கையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பசையக்கா காலையிலிருந்து சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் மருமகள்தான் முதலில் பேசினாள்.

"கையுறை குடுத்துட்டாங்கன்னு அவர் சொன்னாரு. நெசமா அத்தை?"

"ஆமா. எல்லாருக்கும்."

"நம்ம கைக்குச் சரியா இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அவ்வளவு சீக்கிரம் எங்கேருந்து கொண்டுவந்தாங்க?"

பசையக்காவுக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஒட்டி மறைத்ததெல்லாம் போதும் என்றும் தோன்றியது.

"மாடியில இருந்துச்சு."

மருமகள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"எப்போலேருந்து?" என்று கேட்டாள்.

"நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியிருந்தே," என்றாள் பசையக்கா.